நன்றி: இணையம்!

தமிழில் வெப்சைட் தொடங்குகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி பட்ஜெட்தான் இருக்கிறது. டொமைன் பெயருக்கு இவ்வளவு, சர்வருக்கு இவ்வளவு, டிசைனருக்கு இவ்வளவு, லோகோவுக்கு இவ்வளவு. கூகுளில் முதல் பக்கத்தில் வரவைக்கிறேன் என்று சத்தியம் செய்கிற எஸ்.இ.ஓ. ஆசாமிக்கு மாதாமாதம் இவ்வளவு. திறப்பு விழாவுக்கு ஓட்டலில் ஹால், வந்தவர்களுக்கு டிபன். எல்லாவற்றையும் கூட்டி அடிக்கோடு இழுத்த பிறகு யாராவது ஒருவருக்கு ஞாபகம் வரும். ‘அதுல படிக்கறதுக்கு ஏதாவது வேணுமே!’

உடனே, எழுதுகிற யாருக்காவது போன் போகும். ‘சார், தரமான கன்டென்ட் எங்கே கிடைக்கும்?’

கேள்வியைக் கவனியுங்கள். ‘எங்கே கிடைக்கும்?’ ஏதோ ஏரிக்கரையில் வண்டல் மண் மாதிரி அது கொட்டிக் கிடப்பது போலவும், இடம் தெரிந்தால் லாரி அனுப்பி அள்ளி வந்துவிடலாம் என்பது போலவும். நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கூட அடுத்த மூச்சில் ‘கிலோ என்ன விலை?’ என்பார். கன்டென்ட் கேட்கிறவர்கள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

முன்பு பத்திரிகை ஆபீஸ்களில் இதற்கு ‘மேட்டர்’ என்று பெயர். ‘மேட்டர் ரெடியா?’, ‘கால் பக்கம் மேட்டர் குறையுது, ஒரு துணுக்கு போடு’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் அப்படியொன்றும் மரியாதையான வார்த்தை இல்லை. ஆனால், மேட்டர் என்றால் குறைந்தபட்சம் ‘விஷயம்’ என்றாவது அர்த்தம் இருந்தது. கன்டென்ட்டுக்கு அதுவும் இல்லை. முதலில் டப்பா. டப்பாவுக்குள் எது போய் விழுகிறதோ அது கன்டென்ட். தமிழில் ‘உள்ளடக்கம்’ என்று அழகாக மொழிபெயர்த்துக்கொண்டோம். உள்ளே அடக்கம் செய்வது என்று பொருள் கொண்டால் பல வெப்சைட்டுகளுக்கு இன்னும் பொருத்தம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரமான எழுத்து எங்கேயும் ‘கிடைக்காது’. ஒருவர் உட்கார்ந்து, நேரம் செலவழித்து, சரிபார்த்துச் செய்தால்தான் உண்டு. அந்த நேரத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டு, ‘தமிழ்ல நல்ல கன்டென்ட்டே இல்லை சார்’ என்று மேடைக்கு மேடை புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஆன்மிகச் சுற்றுலா வெப்சைட் தொடங்கிய ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம். மிகவும் மரியாதையான மனிதர். 300 கோயில்கள், 300 கட்டுரைகள், இரண்டே மாதம்.

‘எவ்வளவு தருவீங்க?’

‘வார்த்தைக்கு 30 பைசா சார். மார்க்கெட் ரேட்.’

500 வார்த்தைக் கட்டுரைக்கு 150 ரூபாய். ‘கோயிலுக்குப் போய்வர்ற செலவு?’ என்றேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

‘கோயிலுக்கு எதுக்கு சார் போகணும்? எல்லாம் நெட்லயே இருக்கே!’

நெட்டில் எல்லாம் இருக்கிறதென்றால் அதை எடுத்து மறுபடி நெட்டிலேயே போடுவதற்கு எதற்கு ஒரு வெப்சைட் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு. ‘வார்த்தைக் கணக்கு தமிழுக்குச் சரிப்படுமா?’

இது கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய அநியாயம். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று எழுதினால் தமிழில் ஒரு வார்த்தை. அதையே ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் தோஸ் ஹூ ஹேட் பீன் கமிங்’ என்று எழுதினால் ஆறு வார்த்தை. அதே அர்த்தத்துக்கு ஆங்கிலக்காரருக்கு ஆறு கூலி, தமிழனுக்கு ஒரு கூலி. வேற்றுமை உருபு, துணைவினை, பன்மை விகுதி எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் கோத்துவிடுகிற மொழிக்கு, ஆங்கிலத்துக்காக உண்டாக்கிய ரேட்டை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் இதுதான் கதி. எழுதுகிறவன் என்ன செய்வான்? ‘வந்து கொண்டு இருந்தவர்கள் இடம் இருந்து’ என்று பிரித்து எழுதுவான். ஐந்து வார்த்தை, ஒன்றரை ரூபாய். இன்றைக்கு வெப்சைட்டுகளில் தமிழ் வாக்கியங்கள் ரயில் பெட்டி கழன்று நிற்பதுபோல் நிற்பதைப் பார்த்து, ‘இந்தத் தலைமுறைக்கு இலக்கணமே தெரியவில்லை’ என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். இலக்கணம் தெரியாதது பாதி. மீதிப் பாதி 30 பைசா.

போகட்டும். அந்த 150 ரூபாய்க்கு என்ன வரும்? சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம்.

சிதம்பரம் நடராஜர் கோயிலைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து, பூமியின் காந்தப் புலத்தின் மையப்புள்ளி நடராஜரின் கால் பெருவிரலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்ததாக ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். எந்த விஞ்ஞானி, எந்த நாடு, எந்த எட்டு ஆண்டுகள்? இருக்காது. ஒரு வெப்சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு, வாட்ஸ்அப்பிலிருந்து மறுபடி வெப்சைட்டுக்கு என்று கமா, ஆச்சரியக்குறி மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதைச் சரிபார்க்க ஒரு மத்தியானம் போதும். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடுகிற ஒரு கோடு. அரைஞாண் கயிற்றுக்கு எது மையம்? அந்தக் கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்தை விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் அதுதான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே வானத்தில் நடக்கிற மின்னோட்ட விவகாரங்களை ஆராயத் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமே இருக்கிறது. தும்பா அட்சரேகையில் சிதம்பரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று டிகிரி தெற்கே. போதாததற்கு அந்தக் கோடு வருடா வருடம் கொஞ்சம் நகரவும் செய்கிறது. அதன் பின்னாலேயே நடராஜரும் காலைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே பத்தியில் இன்னொரு தகவலும் இருக்கும். சிதம்பரம், காஞ்சிபுரம், காளஹஸ்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன என்று. மேப்பை எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய சரி! 79 டிகிரி 41, 42 நிமிடத்துக்குள் மூன்றும் அடங்கிவிடுகின்றன. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அந்த வரிசையில் இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். உண்மையான ஒரு சுவாரஸ்யத்தையும் முழுப் பொய்யையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறும்போது எதைத் தின்பது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோயிலுக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. கோபுர வாசல்களில் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிற அதே கோயிலில் கோவிந்தராஜப் பெருமாள் படுத்திருக்கிறார். ஓரிடத்தில் நின்று இருவரையும் கும்பிடலாம். அது எந்த இடம், அங்கே நின்றால் என்ன தெரிகிறது, எந்த வாசல் வழியாகப் போனால் முழங்கால் வலிக்காரருக்குப் படி குறைவு என்று எழுத ஒருவர் போய் நின்று பார்க்க வேண்டும். பஸ் சார்ஜ், ஒரு நாள் சாப்பாடு, திரும்பி வந்து ஒரு நாள் எழுத்து, ஒரு மத்தியானம் சரிபார்ப்பு. 150 ரூபாய்க்குக் காந்தப் புலம்தான் வரும்.

* * *

வெப்சைட்காரர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கும் வருமானம் பெரிதாக இல்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவைக்குத் தமிழ் என்றொரு மொழி உண்டு என்பதே 2018 பிப்ரவரியில்தான் உறைத்தது. அதுவரை தமிழ்த் தளம் நடத்தியவர்களில் பலர் கைக்காசு போட்டோ, ஆங்கிலப் பக்கம் ஒன்றைச் சேர்த்து ஒட்டியோதான் ஓட்டினார்கள். தமிழ் விளம்பரத்துக்குக் கதவு திறந்த பிறகும் வருவது பைசாக் கணக்கில்தான். ஆகவே, நிறைய பக்கங்கள், நிறைய க்ளிக், குறைந்த செலவு என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கை இவர்களைவிடப் பெரிய புத்திசாலிகள் அமெரிக்காவில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். டிமாண்ட் மீடியா என்று ஒரு கம்பெனி. மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு எவ்வளவு விளம்பரக் காசு வரும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தலைப்பைத் துப்பும். அந்தத் தலைப்புக்கு யாரோ ஒரு ஃப்ரீலான்ஸர் மளமளவென்று எழுதித் தருவார். ஒரு கட்டுரைக்கு 15 டாலர் மாதிரி கூலி. தினமும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. 2011 ஜனவரியில் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அந்தக் கம்பெனியின் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் கம்பெனியின் மதிப்பைவிட அதிகமாக இருந்தது. உலகமெங்கும் நிருபர்களை வைத்திருக்கிற பத்திரிகையைவிட ‘அவித்த முட்டையை உரிப்பது எப்படி?’ ரகக் கட்டுரைகளுக்கு மதிப்பு!

அடுத்த மாதமே கூகுள் தன் தேடல் கணக்கை மாற்றியது. ‘பாண்டா’ என்று பெயர். அரைகுறைப் பக்கங்களைத் தூக்கிப் பின்னால் போட்டது. கொஞ்ச காலத்தில் பங்கு விலை சரிந்தது. 2016-ல் கம்பெனி பெயரையே மாற்றிக்கொண்டது. அங்கே அடக்கமாகிப்போன அந்த யோசனை நம்மூரில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சர்க்கரை நோயாளிகள் பலாப்பழம் சாப்பிடலாமா?’ என்று ஒரு தலைப்பு. முதல் பத்தியில் பலாப்பழம் முக்கனிகளில் ஒன்று. இரண்டாம் பத்தியில் சர்க்கரை நோய் இன்று பலரையும் பாதிக்கிறது. மூன்று விளம்பரங்களைத் தாண்டி, விரல் தேய உருட்டிக்கொண்டு கடைசி வரிக்கு வந்தால், ‘மருத்துவரைக் கலந்தாலோசிப்பது நல்லது.’ பலாச்சுளைக்காக வந்தவருக்குச் சக்கையும் பிசினும்தான்.

‘காசு கொடுத்தால் மட்டும் தரம் வந்துவிடுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். வராது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது, கூகுளே செய்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத ஆர்வலர்கள். 2009-ல், இந்திய மொழிகளில் கன்டென்ட் குறைவாக இருக்கிறதே என்று கூகுள் கவலைப்பட்டு, மொழிபெயர்ப்பாளர்களுக்குக் காசு கொடுத்து ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளைத் தமிழ் உள்பட சில மொழிகளில் இறக்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தானே? இறங்கிய கட்டுரைகளைப் பார்த்துவிட்டுத் தமிழ் ஆர்வலர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தமிழ் வாசகர் ஒருவர்கூடத் தேடாத தலைப்புகள். எந்திரம் மொழிபெயர்த்ததை மேலோட்டமாகத் துடைத்துவிட்ட வாக்கியங்கள். ‘இது தப்பு, திருத்துங்கள்’ என்று எழுதினால் பதில் சொல்ல ஆள் கிடையாது. போட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். வங்காளிகள் அந்தக் கட்டுரைகளைத் தூக்கி எறிந்தார்கள். தமிழ் ஆர்வலர்கள் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்து பேசி, தலைப்புகளை மாற்றச் சொல்லி, திருத்தச் சொல்லி மல்லுக்கட்டினார்கள். 2010-ல் போலந்தில் நடந்த உலக விக்கிப்பீடியா மாநாட்டில் நம்மவர்கள் இதை விவரமாகவே எடுத்து வைத்தார்கள். 2011-ல் அந்தத் திட்டம் மூட்டை கட்டியது.

உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று காசு கொடுத்தும் ஏன் தரம் வரவில்லை? எடைக்குப் போட்டதால். எத்தனை வார்த்தை, எத்தனை கட்டுரை என்று எண்ணுவதற்கு ஆள் இருந்தது. படித்துவிட்டு, ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளுக்குத்தான் பத்திரிகையில் ஆசிரியர் என்று பெயர். உதவி ஆசிரியர், புரூஃப் ரீடர் என்று அவருக்குக் கீழே ஒரு வரிசையே உண்டு. எழுதியவரை ஒரு கட்டத்தில் எரிச்சலூட்டாத உதவி ஆசிரியர் வாங்குகிற சம்பளத்துக்கு லாயக்கில்லை. வெப்சைட் பட்ஜெட்டில் இந்த ஆளை நான் பார்த்ததே கிடையாது. ‘அட்மின்’ என்று ஒருவர் இருப்பார். வந்ததை ஏற்றுவார்.

* * *

இன்னொரு கூட்டம் இருக்கிறது. காசைப் பற்றிப் பேசினாலே முகம் சுருங்கிவிடும் கூட்டம். ‘மதுரைத் திட்டத்தில் எத்தனை பேர் இலவசமாக உழைத்தார்கள், நீங்கள் ஏன் காசு காசு என்கிறீர்கள்?’ என்பார்கள்.

ஆமாம், உழைத்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த வேலை அது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஆபீஸ் விட்டு வந்து இரவில் உட்கார்ந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று வைத்தார்கள். ஈழத்து எழுத்துகளுக்காக 2005-லிருந்து ‘நூலகம்’ என்ற திட்டம் அதே மாதிரி நடக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரிகொடுத்தவர்களுக்கு அந்த வேலையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்களெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள், இலவசமாகவே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. நீங்கள் இலவசமாக வாங்கி, பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பீர்கள். அன்னதானத்துக்கு அரிசி கேட்பதும் ஓட்டலுக்கு அரிசி கேட்பதும் ஒன்றா?

‘உங்களுக்கும் ஒரு எக்ஸ்போஷர் கிடைக்கும்ல சார்?’ என்ற வசனத்தையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெளிச்சத்தைக் காட்டி மளிகைக் கடையில் கால் கிலோ துவரம்பருப்பு வாங்க முடியுமா?

பத்திரிகை உலகத்தையும் இதில் நான் விட்டுவைக்கப் போவதில்லை. எழுத்துக்குக் கொடுக்கிற காசுக்குத் தமிழில் ‘சன்மானம்’ என்று பெயர் வைத்தோம். ஏதோ மகாராஜா மனமிரங்கிப் பொன்முடிப்புத் தருவதுபோல. இஷ்டப்பட்டால் தரலாம், ஆறு மாதம் கழித்துத் தரலாம், தராமலும் இருக்கலாம். கூலி என்று வைத்திருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்க உரிமை இருந்திருக்கும். வெப்சைட்காரர்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட கெட்ட பழக்கங்களில் இது தலையானது.

சரி, காசே இல்லை, ஆனால் நல்ல விஷயம் போட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர் என்ன செய்வது? வழி இருக்கிறது, சட்டப்படியே இருக்கிறது. நம் நாட்டில் ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் அவர் எழுத்து பொதுச்சொத்து. அதற்கு முன்பே தமிழக அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாக்கிய எழுத்துகள் இருக்கின்றன. பாரதியில் தொடங்கி கல்கி, புதுமைப்பித்தன் என்று நீளமான பட்டியல். அப்படிப்பட்ட சுமார் 2000 நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. வானவியலிலிருந்து சமையல் வரை, நாட்டுப்புறக் கதையிலிருந்து நடைப்பயணம் வரை விதவிதமாக எழுதியவர்கள். நம் வெப்சைட்காரர்கள் அதிலிருந்து எடுப்பது பொன்னியின் செல்வன் மட்டும்தான். அதையும் பிழையோடு. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும்போது எந்திரத்துக்குத் துணைக்கால் எது, ‘ர’ எது என்று குழம்பும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் பழைய தமிழ் எண் ஏழு வந்து உட்காரும். பார்வைக்கு இரண்டும் ஒரே ஜாடை. மனிதக் கண் ஒன்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுபடியும் ஆள், மறுபடியும் நேரம், மறுபடியும் காசு. இலவசமாகக் கிடைக்கிற தரத்தைக்கூட இலவசமாக வெளியிட முடியாது.

இவ்வளவு பொதுச்சொத்து திறந்து கிடக்கும்போது, உயிரோடு இருக்கிறவன் வீட்டில் ஏறிக் குதிப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. நேற்று வந்த கட்டுரை இன்று காலை நாலு தளங்களில் இருக்கும். எழுதியவர் பெயர் மட்டும் இருக்காது. அடியில் ‘படித்ததில் பிடித்தது’ என்று இருக்கும். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் ‘நன்றி: இணையம்’ என்று போடுவார்கள். வீட்டுக்குள் புகுந்து நகையை எடுத்துக்கொண்டு, ‘நன்றி: பீரோ’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவது மாதிரி.

இவர்களில் எத்தனை பேருக்கு 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரியும்? அதன் 57-வது பிரிவுப்படி, உரிமையை விற்ற பிறகும்கூட ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். 19-வது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருடம்தான். எந்தப் பிரதேசத்துக்கு என்று குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். போனில் ‘ஓகே சார், அனுப்பிடுங்க’ என்று வாங்கிய கட்டுரையை உலகம் முழுக்க, ஆயுசு முழுக்க வைத்திருக்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். தெரிந்தே வியாபாரத்துக்காகத் திருடினால் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில். சட்டம் கடுமைதான். ஆனால், 150 ரூபாய் வாங்கிய ஃப்ரீலான்ஸர் எந்த வக்கீலிடம் போவார் என்பது திருடுகிறவருக்கும் தெரியும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அந்த 150 ரூபாயும் மிச்சம் என்று சிலர் குதூகலித்தார்கள். ‘இனிமே ரைட்டரே வேணாம் சார், பட்டனைத் தட்டினா 300 கோயில்!’ தட்டலாம். எந்திரத்தின் மேல் எனக்குப் பகையில்லை. எழுத்துப் பிழை பார்க்க, குறிப்பு ஒழுங்குபடுத்த அது உதவுகிறது. ஆனால், அது படித்து வளர்ந்தது எதை? நாம் இத்தனை வருடம் இணையத்தில் கொட்டி வைத்ததையும் சேர்த்துத்தான். காந்தப் புலமும் கால் பெருவிரலும் அதில் அடக்கம். முன்பு அந்தப் பொய் பிழையான தமிழில் இருந்தது, பார்த்தவுடன் சந்தேகம் வரும். இப்போது சந்திப் பிழைகூட இல்லாமல் வரும். அதுதான் வித்தியாசம். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் ஒன்றைச் சேர்த்தது. தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்தால், மனிதன் செய்தாலும் எந்திரம் செய்தாலும், அது குப்பைதான் என்று. பாண்டா வந்து 13 வருடம் கழித்து அதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

வாசகர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சந்தா கட்டினால்தான் முழுக் கட்டுரை என்று ஒரு தளம் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? யாராவது பி.டி.எஃப். வைத்திருக்கிறார்களா என்று குரூப்பில் கேட்கிறோம். கிடைத்ததும் ‘சூப்பர் கட்டுரை, அவசியம் படிங்க’ என்று நாலு பேருக்கு அனுப்பி தமிழ்ச் சேவையும் செய்துவிடுகிறோம்.

நாளைக்கே வெப்சைட் தொடங்கப் போகிறவருக்கு என்னிடம் ஒரு தலைப்பு இருக்கிறது. பட்டா மாறுதல். தமிழ்நாட்டில் வீடோ நிலமோ வாங்கிய ஒவ்வொருவரும் தேடுகிற விஷயம். தேடினால் ‘இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்’ என்ற ஒரு வரியைப் பத்துப் பத்தியாக இழுத்த பக்கங்கள் வரும். உட்பிரிவு உள்ள மாறுதலுக்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம், சர்வேயர் எப்போது அளக்க வருவார், எந்தக் காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள், வி.ஏ.ஓ. என்றைக்கு இருப்பார், நிராகரித்தால் யாரிடம் போவது என்று எழுத ஒருவர் மூன்று நாள் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டும். வந்து போகிற இருபது பேரிடம் பேச வேண்டும். பிறகு விவரம் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வருவாய்த் துறைக்காரர் அதைப் படித்துத் திருத்த வேண்டும். கீழே எழுதியவர் பெயர், திருத்தியவர் பெயர், தேதி. விதி மாறும்போது மறுபடி ஒருநாள் வேலை.

300 வேண்டாம். இந்த ஒன்றைப் போடுங்கள். பெஞ்சில் உட்கார ஆள் நான் தருகிறேன். மூன்று நாள் கூலியும் பஸ் சார்ஜும் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.